பழைய ஏ.சி.யைத் தூக்கி எறிய வேண்டுமா?

சித்திரை பிறந்தால் போதும். ஊரெல்லாம் ஒரே புகார். "ஏ.சி. ஓடுகிறது. குளிர் வரவில்லை!"

மெக்கானிக் வருகிறார். வெளியே இருக்கும் பெட்டியின் மூடியைக் கழற்றுகிறார். மீட்டரை மாட்டிப் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார்.

"கியாஸ் போயிடுச்சு அக்கா. இது பழைய கியாஸ். சர்க்கார் தடை பண்ணிட்டாங்க. இனிமே கிடைக்காது. பேசாம புதுசு வாங்கிடுங்க" என்கிறார்.

வீட்டில் உள்ளவர்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

புது ஏ.சி. என்றால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் வேண்டும். பழைய ஏ.சி.க்குத் தவணை கட்டி முடித்து, மூச்சு விட்டது நேற்றுப் போல இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பிள்ளைகளுக்குப் பணம் கட்ட வேண்டும். எங்கே போவது?

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மை இல்லை. அவர் வேண்டும் என்றே பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லி இருக்கிறார்கள்.

சட்டம் மாறி இருக்கிறது. அது உண்மைதான்.

ஆனால், வீட்டில் ஓடிக்கொண்டு இருக்கும் ஏ.சி.யைக் கழற்றி எறியும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை!

குளுகுளு வசதி

ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகை வாசலில் "குளுகுளு வசதி செய்யப்பட்டது" என்று பலகை மாட்டி இருப்பார்கள். படம் எப்படி இருந்தாலும் சரி, அந்தக் குளிருக்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

இன்று அது வீட்டுக்குள் வந்துவிட்டது. பணக்காரர் வீட்டில் மட்டும் அல்ல. மாதச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டிலும் படுக்கை அறையில் ஒன்று மாட்டி இருக்கிறார்கள். கைக்குழந்தை தூங்க வேண்டும். வயதான தாய் தகப்பன் வெயிலில் வாடக் கூடாது. அதற்காகக் கடன் வாங்கியாவது மாட்டுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

2019-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஒரு திட்ட அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் நூறு வீடுகளில் சுமார் 8 வீடுகளில்தான் ஏ.சி. இருக்கிறது என்று அதில் சொல்லப்பட்டது. மீதி 92 வீடுகள்? அவர்களும் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். ஆகவே, இது ஏதோ நாலு பேருடைய விவகாரம் அல்ல.

கியாஸ் என்ன செய்கிறது?

ஊசி போடும் முன்பு நர்சு அம்மாள் கையில் பஞ்சால் ஸ்பிரிட் தடவுவார். சில் என்று இருக்கும். ஏன்? ஸ்பிரிட் ஆவியாகப் பறக்கிறது. பறக்கும்போது தோலில் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்ந்து இருப்பதும் இதனால்தான்.

ஏ.சி.யிலும் இதே கதைதான்.

செப்புக் குழாய்க்குள் கியாஸ் ஓடுகிறது. அறைக்குள் இருக்கும் பெட்டியில் அது திரவமாக நுழைந்து ஆவியாகிறது. அறையின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டு குழாய் வழியாக வெளியே போகிறது. வெளிப்பெட்டியில் கம்ப்ரசர் இருக்கிறது. அது கியாசைப் பிடித்து அழுத்துகிறது. சூடு வெளிக்காற்றில் போய்ச் சேருகிறது. கியாஸ் மறுபடியும் திரவமாகி உள்ளே வருகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது. உடம்பில் ரத்தம் ஓடுகிறதே, அதைப் போல!

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் செலவாகும். அடுப்பில் சமையல் கியாஸ் செலவாகும். ஏ.சி.யில் இருக்கும் கியாஸ் செலவாகவே ஆகாது! வாங்கிய அன்று எவ்வளவு இருந்ததோ, பத்து வருஷம் கழித்தும் அவ்வளவு இருக்க வேண்டும்.

பின்னே எப்படிக் குறைந்தது?

குழாயில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அவ்வளவுதான்.

ஓட்டையை அடைக்காமல் கியாஸ் மட்டும் நிரப்பினால் என்ன ஆகும்? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான். சித்திரையில் நிரப்புவார்கள். அடுத்த மாசிக்குள் காலி. மறுபடி சித்திரையில் நிரப்புவார்கள். "வருஷா வருஷம் கியாஸ் அடிக்கணும் சார்" என்று சொல்வதைப் பல வீடுகளில் வேத வாக்காக நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். வாகனத்துக்கு ஆயில் மாற்றுவதைப் போல இதுவும் ஒரு வருடாந்திரச் செலவு என்று கணக்கில் எழுதி வைக்கிறார்கள்.

அது வருடாந்திரச் செலவு அல்ல. வருடாந்திர நஷ்டம்!

குளிர் வராததற்குக் கியாஸ்தான் காரணம் என்று முடிவு கட்டுவதும் தப்பு. வடிகட்டியில் தூசு அடைத்து இருக்கலாம். வெளிப்பெட்டியின் கம்பி வலையில் அழுக்குப் படிந்து இருக்கலாம். கெப்பாசிட்டர் என்று ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. அது கெட்டுப்போனாலும் குளிர் வராது. இவற்றை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில்தான் கியாசுக்கு வர வேண்டும்.

மெழுகுவர்த்தியை அணைத்தவர்

இந்தக் கியாசுக்குச் சட்டம் எதற்கு? அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மெதில் குளோரைடு ஆகியவற்றை ஊற்றினார்கள். எல்லாம் விஷம். குழாய் உடைந்தால் வீட்டில் இருப்பவர்கள் உயிருக்கு ஆபத்து. தூக்கத்திலேயே செத்தவர்கள் உண்டு.

அப்போது அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்று ஒருவர் இருந்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் புதுக் கியாஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். விஷம் இல்லை. தீப்பிடிக்காது. 1930-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கூடிய சபையில் மிட்ஜ்லி அந்தக் கியாசை மூச்சாக உள்ளே இழுத்தார். மெழுகுவர்த்தியின் மீது ஊதினார். மெழுகுவர்த்தி அணைந்தது! அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

உலகம் முழுவதும் அந்த இனத்துக் கியாஸ்கள் பரவின.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பிறகுதான் வினை தெரிந்தது. 1974-ம் ஆண்டில் மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். இந்தக் கியாஸ் ஆகாயத்தில் மிக உயரத்துக்குப் போகிறது. அங்கே உடைந்து அதில் இருந்து குளோரின் பிரிகிறது. அந்தக் குளோரின், ஓசோன் படலத்தை அரிக்கிறது என்றார்கள். சூரியனின் கெட்ட கதிர்களைத் தடுத்து நிறுத்துவது ஓசோன் படலம். அது மெலிந்தால் தோல் புற்றுநோய் வரும். கண்ணில் புரை விழும். பயிர் கெடும்.

முதலில் பலர் நம்பவில்லை. 1985-ம் ஆண்டில் தென் துருவத்தில் வேலை செய்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், அங்கே வசந்த காலத்தில் ஓசோன் படலம் பெரிதும் மெலிந்து போவதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்கு மேல் வாக்குவாதம் செய்ய யாருக்கும் துணிச்சல் இல்லை. 1987-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந்தேதி, கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டன. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. எச்சரிக்கை செய்த இருவருக்கும், பால் குருட்சன் என்பவருக்குமாகச் சேர்த்து 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒப்பந்தம் வீண் போகவில்லை. தென் துருவத்துக்கு மேலே உள்ள ஓசோன், 2066-ம் ஆண்டு வாக்கில் பழைய நிலைக்குத் திரும்பும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டு இருக்கிறார்கள். உலக நாடுகள் ஒன்று சேர்ந்து உருப்படியாகச் செய்த காரியங்களில் இது ஒன்று.

சட்டம் யாரைக் கட்டுகிறது?

வீட்டு ஏ.சி.க்களில் நெடுங்காலம் இருந்தது ஆர்-22 என்ற கியாஸ். இது ஓசோனைக் கொஞ்சம்தான் கெடுக்கும். ஆனாலும் கெடுக்கும். ஆகவே, இதையும் படிப்படியாக ஒழிக்க முடிவு செய்தார்கள்.

இந்தியாவில் 2000-ம் ஆண்டில் இதற்கு விதிகள் வந்தன. ஆர்-22 போன்ற கியாஸ் உள்ள ஏ.சி.க்களை வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவது, 2015-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் தடை செய்யப்பட்டது. புது எந்திரங்கள் செய்ய இந்த இனத்துக் கியாசை உபயோகிப்பது 2024 டிசம்பரோடு முடிந்தது. பழைய எந்திரங்களைப் பழுது பார்ப்பதற்கு மட்டும் 2030 வரை இடம் கொடுத்து இருக்கிறார்கள். அதற்குப் பிறகும் 2040 வரை, பழுது வேலைக்கு என்று மிகச் சிறு அளவு அனுமதி உண்டு.

பழுது வேலைக்கு இடம் கொடுத்தார்கள் என்றால் என்ன அர்த்தம்? பழைய ஏ.சி. வீட்டில் இருக்கலாம், ஓடலாம், பழுது பார்க்கலாம் என்றுதானே அர்த்தம்!

சட்டம் கட்டுவது கியாஸ் செய்யும் கம்பெனியை. இறக்குமதி செய்யும் வியாபாரியை. ஏ.சி. தயாரிக்கும் தொழிற்சாலையை. வீட்டுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, "உன் ஏ.சி.யைக் கொடு" என்று கேட்க எந்த அதிகாரியும் வரமாட்டார்.

ஆனால், ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆர்-22 குறைந்துகொண்டே வருகிறது. 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் சராசரியாக ஆயிரம் கிலோ உபயோகித்த இடத்தில், 2025 முதல் 325 கிலோதான். சரக்கு குறைந்தால் விலை ஏறும். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே, ஓட்டையோடு ஓடும் பழைய ஏ.சி. இனிமேல் வருஷத்துக்கு வருஷம் கையைக் கடிக்கும். ஓட்டை இல்லாத பழைய ஏ.சி.க்கு ஒரு கவலையும் இல்லை. அதற்குத்தான் கியாசே தேவை இல்லையே!

இரண்டாவது வினை

ஓசோன் தப்பியது. இன்னொரு தொல்லை முளைத்தது.

ஆர்-22க்குப் பதிலாக ஆர்-410ஏ என்ற கியாஸ் வந்தது. இதில் குளோரின் இல்லை. ஓசோனுக்குக் கெடுதல் இல்லை. ஆனால், காற்றில் கலந்தால் பூமியைச் சூடாக்கும். எவ்வளவு? கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 2,090 மடங்கு! பழைய ஆர்-22 மட்டும் யோக்கியமா? அதுவும் 1,810 மடங்கு.

இந்தக் கணக்கு பலருக்குப் புரிவது இல்லை. இப்படிப் பார்க்கலாம். ஒரு வீட்டு ஏ.சி.யில் சுமார் ஒரு கிலோ கியாஸ் இருக்கும். ஒரு கிலோ ஆர்-22 காற்றில் போனால், ஏறத்தாழ 780 லிட்டர் பெட்ரோலைக் கொளுத்தியதற்குச் சமம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில், அந்தப் பெட்ரோலைக் கொண்டு கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீருக்கு ஐந்து தடவை போய்த் திரும்பலாம்!

ஒரே ஒரு குழாய் ஓட்டை. அதற்குள் இவ்வளவு இருக்கிறது.

இதைத் தடுக்க, 2016-ம் ஆண்டு அக்டோபர் 15-ந்தேதி ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டின் தலைநகர் கிகாலியில் நாடுகள் கூடி, மாண்ட்ரீல் ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் செய்தன. 2021-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. ஓசோனுக்குக் கெடுதல் செய்யாமல், உஷ்ணத்தை மட்டும் கூட்டும் கியாஸ்களின் அளவு 2028 முதல் இந்தியாவில் மேலே ஏறக் கூடாது. 2032-ல் பத்து சதவிகிதம் குறைக்க வேண்டும். 2047-க்குள் 85 சதவிகிதம் குறைக்க வேண்டும்.

"நம் நாட்டில் நூற்றுக்கு எட்டு வீட்டில்தான் ஏ.சி. இருக்கிறது. அமெரிக்காக்காரன் வீட்டுக்கு வீடு ஓட்டினானே, அவன் செய்த வினைக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒப்பந்தத்திலும் அதற்கு இடம் வைத்து இருக்கிறார்கள். பணக்கார நாடுகள் 2019-லேயே குறைக்கத் தொடங்க வேண்டும் என்று விதி. இந்தியாவுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கூடுதல் தவணை. கொடுத்த தவணையைத் தூங்கிக் கழிக்காமல் இருந்தால் சரி.

பெட்டியில் எழுதி இருக்கிறது

தன் வீட்டு ஏ.சி.யில் என்ன கியாஸ் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வெளிப்பெட்டியின் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி இருக்கும். அதில் கியாசின் பெயர் இருக்கும். எத்தனை கிலோ என்றும் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படித்து, காலண்டர் அட்டையில் குறித்து வைக்கலாம்.

ஆர்-22 என்று இருந்தால் பழைய எந்திரம். ஆர்-410ஏ என்று இருந்தால் நடுத்தரம். புதிதாக விற்பவற்றில் பெரும்பாலும் ஆர்-32 இருக்கிறது. இது கரியமில வாயுவைப் போல 675 மடங்கு. குறைவு என்று சொல்ல முடியாது. முன்னதில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஆர்-290 என்றும் ஒன்று உண்டு. அது வேறு ஒன்றும் இல்லை. சமையல் கியாசில் இருக்கும் புரொப்பேன்தான்! பூமியைச் சூடாக்கும் குணம் அதற்கு ஏறத்தாழ இல்லை. 2012-ல் இருந்தே இந்தியாவில் இந்த வகை ஏ.சி. விற்பனைக்கு வந்து இருக்கிறது.

"ஐயோ, சமையல் கியாசா? படுக்கை அறையிலா?" என்று பயப்படுகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். சமையல் அறை சிலிண்டரில் 14.2 கிலோ கியாஸ் இருக்கிறது. ஆர்-290 ஏ.சி.யில் சில நூறு கிராம்தான் இருக்கிறது. ஆர்-32 இதைப் போல எளிதில் பற்றாது. ஆனாலும் பற்றக்கூடியதே.

அந்த எந்திரங்களைத் தீப்பொறி படாதபடி அதற்கு ஏற்ற மாதிரி செய்து இருக்கிறார்கள். அபாயம் வருவது பழுது பார்க்கும்போது. உள்ளே கியாசை வைத்துக்கொண்டு, குழாயில் பற்ற வைக்கும் நெருப்பைக் காட்டினால் என்ன ஆகும்? முதலில் முகம் கருகுவது மெக்கானிக்குக்குத்தான்.

கலப்படம் கூடாது

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று நடந்துகொண்டு இருக்கிறது.

ஆர்-22 கிடைக்கவில்லை என்று, அந்த எந்திரத்தில் வேறு கியாசை ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. ஆர்-410ஏயின் அழுத்தம் ஆர்-22-ஐப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். பழைய குழாய் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டது அல்ல. கம்ப்ரசருக்குள் ஊற்றும் எண்ணெயும் வேறு. எரியும் கியாசைப் பழைய எந்திரத்தில் ஏற்றினாலோ, கேட்கவே வேண்டாம். அதில் இருக்கும் சுவிச்சுகள் எரியும் கியாசுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு பொறி போதும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று போலிக் கியாஸ் வாங்குவதும் அப்படித்தான். 2011-ம் ஆண்டில் கப்பலில் ஏற்றும் குளிர்சாதனப் பெட்டகங்கள் சில வெடித்தன. தொழிலாளர்கள் மாண்டார்கள். விசாரித்தபோது, நல்ல கியாஸ் என்ற பெயரில் மெதில் குளோரைடு கலந்து விற்றது தெரிய வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஜனங்களைக் கொன்ற அதே விஷம்!

ஆகவே, சீட்டில் என்ன கியாஸ் எழுதி இருக்கிறதோ அதே கியாஸ்தான். மெக்கானிக் கொண்டுவரும் சிலிண்டரில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று வீட்டுக்காரர் பார்க்கலாம். கேட்டால் அவர் கோபித்துக்கொள்வாரே என்று கூச்சப்படத் தேவை இல்லை. மளிகைக் கடையில் தராசு முள்ளைப் பார்ப்பது இல்லையா?

நல்ல வேலைக்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டம் அல்ல. அவர் முதலில் சோப்பு நுரை தடவி ஓட்டை எங்கே என்று தேடுவார். குழாயில் நைட்ரஜன் ஏற்றிப் பார்ப்பார். ஓட்டையைப் பற்ற வைத்து அடைப்பார். பிறகு ஒரு பம்பை மாட்டி, குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுப்பார். அதற்கு நேரம் பிடிக்கும். கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, எத்தனை கிராம் என்று நிறுத்து ஏற்றுவார். கால் மணி நேரத்தில் "முடிஞ்சுது சார்" என்று எழுந்தால், எதுவோ முடியவில்லை என்று பொருள்.

யார் பொறுப்பு?

இத்தனை சட்டம் போட்டார்களே, வீட்டில் இருப்பவர்களுக்கு யார் சொன்னார்கள்?

தொழிற்சாலைக்குத் தெரியும். வியாபாரிக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது. அவருக்குச் செய்தி வருவது, புது ஏ.சி. விற்க நினைப்பவர் வாயில் இருந்துதான். இது சரியான முறை அல்ல. "பழைய ஏ.சி. ஓடலாம், பழுது பார்க்கலாம், கியாசை மாற்றாதே, ஓட்டையை அடை" என்று நாலு வரி எழுதி, மின்சாரப் பணம் கட்டும் ஆபீசில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? கோடி கணக்கில் விளம்பரம் செய்கிற ஏ.சி. கம்பெனிகள், இந்த நாலு வரியையும் சேர்த்துப் போடும்படி சர்க்கார் உத்தரவு போட வேண்டும்.

மெக்கானிக்குகளையும் கவனிக்க வேண்டும். மூன்றாவது மாடியில், ஒரு அடி அகலச் சுவரில் கால் வைத்து, உச்சி வெயிலில் வேலை செய்கிறவர்கள் அவர்கள். கோடையில் நாலு மாதம்தான் சம்பாத்தியம். பலர் அண்ணன், மாமன் பின்னால் போய்க் கற்றுக்கொண்டவர்கள். சர்க்கார் செலவில் அவர்களுக்குப் பயிற்சி நடக்கத்தான் செய்கிறது. அது போதாது. அமெரிக்காவில் 1992-ம் ஆண்டில் இருந்தே இந்தக் கியாசை வேண்டும் என்று காற்றில் விடுவது குற்றம். கியாசைக் கையாளப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இங்கேயும் சான்றிதழ் கட்டாயமாக வேண்டும். பயிற்சிக்குப் போகும் நாட்களின் கூலியை ஏ.சி. விற்கும் கம்பெனிகள் கொடுக்க வேண்டும். கம்பெனி பெயரைக் காப்பாற்றுவது அந்தத் தொழிலாளிதானே!

அமெரிக்காவும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2025 ஜனவரி முதல் ஆர்-410ஏ கொண்டு புது வீட்டு ஏ.சி. செய்வதை அங்கே நிறுத்தினார்கள். அந்தக் கோடையில் பதில் கியாஸ் சிலிண்டர் போதுமான அளவு கிடைக்காமல் ஜனங்கள் திண்டாடினார்கள். சட்டத்துக்கு முன்னால் சரக்கு வர வேண்டும்.

எப்போது புதிது வாங்கலாம்?

எப்போதுமே வாங்கக் கூடாது என்பது வாதம் அல்ல. பன்னிரண்டு வருஷம் ஓடிய ஆர்-22 எந்திரத்தில் கம்ப்ரசரே போய்விட்டால், அதற்குப் பணம் செலவு செய்வது வீண். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பட்டு, வெளிப்பெட்டியின் வலை முழுவதும் அரித்துப் போகும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருப்பவர்களுக்கு இது தெரியும். ஓர் ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை வரும். அப்போது புதிது வாங்குவதே லாபம். மின்சாரமும் குறையும்.

ஒரே ஒரு இணைப்பில் கசிவு என்றால், அதை அடைத்துவிட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். குடும்பத்தின் பணம் குடும்பத்தில் நிற்கும்.

மலிவாக வருகிறது என்று யாரோ விற்கும் பழைய ஆர்-22 ஏ.சி.யை இப்போது புதிதாக வாங்குவது மட்டும் வேண்டாம். அதன் கியாஸ் வருஷா வருஷம் அருகிப் போகும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். வீடு மாறும்போது ஏ.சி.யைக் கழற்றுவார்கள். கழற்றும் முன்பு, எந்திரத்தை ஓட விட்டு, குழாயில் இருக்கும் வால்வை மூடினால், கியாஸ் முழுவதும் வெளிப்பெட்டிக்குள் வந்து அடங்கிவிடும். புது வீட்டில் திறந்துவிட்டால் போதும். பத்து நிமிஷ வேலை. அவசரத்தில் அதைச் செய்யாமல் குழாயைக் கழற்றுகிறார்கள். உஸ் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். புது வீட்டில் கியாசுக்குத் தனிப் பணம்.

பழைய இரும்புக் கடையிலும் அதே சத்தம்தான் கேட்கிறது. அங்கே செம்புக்குத்தான் மதிப்பு. குழாயை நறுக்கென்று வெட்டுகிறார்கள். 780 லிட்டர் பெட்ரோல் ஒரு நிமிஷத்தில் ஆகாயத்துக்குப் போகிறது. அந்தக் கியாசைச் சிலிண்டரில் பிடித்து, சுத்தம் செய்து, ஆர்-22 ஏ.சி. வைத்து இருக்கும் இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம். பிடிக்கும் எந்திரம் இருக்கிறது. பிடித்துக் கொடுத்தால் காசு என்ற ஏற்பாடுதான் ஊர் ஊருக்கு இல்லை.

2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய ஏ.சி.க்களுக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு ஏற்க வேண்டும். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும்போது, கடைக்காரர் பழைய எந்திரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கழித்துக்கொள்கிறார். அதன் வயிற்றில் இருக்கும் கியாசை யார் எடுப்பார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்று அதே பில்லில் அவர் எழுதித் தரட்டும்.